கராஜில் நிற்கும் மசில் காரைத் தானமாகக் கொடுக்கும் முன்

அமெரிக்காவில் கார் ஓட்டுபவர்கள் எல்லோரும் இந்த விளம்பரத்தைக் கேட்டிருப்பார்கள். "உங்கள் பழைய காரைத் தானமாகக் கொடுங்கள். ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, இலவசமாக வந்து இழுத்துப் போகிறோம்." பதினைந்து வருடம் ஓடித் தேய்ந்த குடும்பக் காருக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்பா காலமான பிறகு பிள்ளைகள் கராஜ் கதவைத் தூக்குகிறார்கள், தூசி படிந்த துணி உறைக்குள் 1970ஆம் வருட ஷெவர்லே ஷெவெல் என்ற மசில் கார் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். அன்றைக்கு அந்த எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். அந்தக் காரை என்ன செய்யலாம், சட்டம் என்ன சொல்கிறது, எந்த வழியில் போனால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் மசில் கார் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நடுத்தர அளவுள்ள, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய இரண்டு கதவுக் காரில், பெரிய காருக்கு என்று செய்த வி-8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைத் தூக்கி வைத்தால் அது மசில் கார். இந்த வகையைத் தொடங்கி வைத்தது 1964ஆம் வருட பான்டியாக் ஜி.டி.ஓ. என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கணக்கு. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது ஒரு விதி வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடன் இருந்த பொறியாளர்களும் 389 கன அங்குல எஞ்சினைப் புது மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் காருக்கான கூடுதல் விருப்பத் தொகுப்பாக விற்று அந்த விதியைத் தாண்டினார்கள். முதல் வருடமே 32,450 கார்கள் போயின. பிறகு எல்லா நிறுவனங்களும் களத்தில் இறங்கின. கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் வந்தது. 1970இல் ஷெவெலின் வேக வகையான எஸ்.எஸ். காரின் 454 எஞ்சின் 450 குதிரைத்திறனைத் தொட்டது. காப்பீட்டுக் கட்டணம் எகிறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973இல் எண்ணெய்த் தடையும் சேர்ந்துகொண்டது. பத்தே வருடத்தில் அந்தக் காலம் முடிந்தது.

அவ்வளவு குறுகிய காலத்தில் செய்து முடிந்த கார்கள் என்பதால்தான் இன்று இவற்றுக்கு இந்த விலை. 1971ஆம் வருட பிளிமத் ஹெமி குடா, மேல்மூடி திறக்கும் வகையில் மொத்தமே 11 கார்கள்தான் செய்தார்கள். அதில் ஒன்று 2014இல் சியாட்டிலில் நடந்த ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. உங்கள் கராஜில் நிற்பது அப்படிப்பட்டதாக இருக்காது. ஆனாலும் சாதாரணக் காரின் விலை வருடாவருடம் இறங்கும், இந்தக் காரின் விலையோ வாங்கிய விலையைவிட ஏறியிருக்கும். தான விஷயத்தில் மற்ற எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

இப்போது பணம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். விளம்பரத்தில் கேட்கும் எண் பெரும்பாலும் தொண்டு நிறுவனத்துடையது அல்ல, அதற்காகக் காரை வசூலித்துக் கொடுக்கும் இடைநிறுவனத்துடையது. அவர்கள் காரை இழுத்துப் போய் மொத்த வியாபாரிகளின் ஏலத்தில் விற்று, தங்கள் செலவையும் பங்கையும் எடுத்துக்கொண்டு மீதியைத் தொண்டு நிறுவனத்துக்குத் தருகிறார்கள். காரைக் கொடுத்தவரோ அதன் மதிப்பைத் தன் வருமானத்திலிருந்து கழித்து வரியைக் குறைத்துக்கொள்கிறார், இதைத்தான் கழிவு என்கிறோம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் இதை ஆராய்ந்தது. 54 தானங்களை எடுத்துப் பின்தொடர்ந்ததில், மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் வரிக் கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அந்த அறிக்கையில் வரும் ஒரு பழைய டிரக்கின் கணக்கைப் பாருங்கள். கொடுத்தவர் காட்டிய மதிப்பு 2,400 டாலர். ஏலத்தில் கிடைத்தது 375 டாலர். விளம்பரம் முதலான செலவுகள் போக மிஞ்சியது 63 டாலர். அதிலும் இடைநிறுவனம் பாதி எடுத்துக்கொண்டது. தொண்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது 31 டாலர் 50 சென்ட்.

இந்த அறிக்கைக்கு அடுத்த வருடமே சட்டம் மாறியது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்கும் எந்த வாகனத்துக்கும், தொண்டு நிறுவனம் அதை அப்படியே விற்றுவிட்டால், விற்ற விலைக்கு மேல் ஒரு டாலர்கூட நீங்கள் கழிக்க முடியாது. சந்தையில் அதன் விலை என்ன என்று நீங்கள் நினைப்பது அங்கே எடுபடாது. எனவே 60,000 டாலர் பெறும் ஷெவெலை மொத்த ஏலத்தில் பழைய இரும்போடு நிறுத்தி 9,000 டாலருக்கு விற்றால் எல்லோருக்கும் நஷ்டம். கழிவு உங்களுக்கும் சுருங்கும், பணம் அவர்களுக்கும் சுருங்கும். மசில் காரை அறிந்தவர்கள் கூடும் ஏலத்துக்கு அதைக் கொண்டுபோவார்களா என்பதுதான் எந்தத் தொண்டு நிறுவனத்திடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்த உலகில் அறப்பணிக்கான ஏலம் புதிதல்ல. 2019இல் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் நடந்த கார் ஏலத்தில், புதிய ஷெல்பி ஜி.டி.500 மஸ்டாங் வரிசையின் முதல் கார் 11 லட்சம் டாலருக்குப் போய், சிறார்களைத் தாக்கும் டைப் 1 நீரிழிவு ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் சென்றது.

அடக்க விலை என்ற முடிச்சு

பழைய கார் தானம் பற்றிப் பேசும் பெரும்பாலான விளக்கங்கள் மேலே சொன்னதோடு நின்றுவிடுகின்றன. ஏனென்றால் சாதாரணக் காருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மசில் காருக்குத் தேவை. விலை ஏறிய பொருளைத் தானம் செய்யும்போது, பெற்றுக்கொள்ளும் நிறுவனம் அதைத் தன் அறப்பணிக்கே பயன்படுத்தினால் சந்தை விலை முழுவதையும் கழிக்கலாம். பயன்படுத்தாமல் விற்றுக் காசாக்கினால், அந்தப் பொருள் உங்களுக்கு அடங்கிய விலை வரைதான் கழிக்கலாம். அடக்க விலை என்றால் வாங்கிய விலையும், அதைச் சீரமைக்கப் போட்ட செலவும் சேர்ந்தது. பெட்ரோல், காப்பீடு, ஆயில் மாற்றம் எல்லாம் இதில் சேராது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுகிறேன். 1990களில் 8,000 டாலருக்கு வாங்கினீர்கள். எஞ்சினைப் பிரித்துக் கட்டி, உடலைச் செப்பனிட்டு 22,000 டாலர் போட்டீர்கள். அடக்கம் 30,000. இன்றைய விலை 60,000. உங்கள் வருமானம் 32 சதவீத வரி அடுக்கில் இருக்கிறது.

காரை ஒரு மருத்துவ அறக்கட்டளைக்குக் கொடுக்கிறீர்கள், அவர்கள் அதை 60,000க்கு விற்கிறார்கள். நீங்கள் கழிக்க முடிவது 30,000 மட்டுமே. மிச்சமாகும் வரி 9,600 டாலர்.

அதே காரை நீங்களே விற்று 60,000 டாலரையும் பணமாக அதே அறக்கட்டளைக்குக் கொடுத்தால், லாபமான 30,000க்கு வரி உண்டு. சேகரிப்புப் பொருளின் நீண்டகால லாபத்துக்கு உச்ச வரி 28 சதவீதம், ஆக 8,400 டாலர். ஆனால் 60,000 முழுவதையும் கழிக்கலாம், அதில் மிச்சமாவது 19,200. கழித்துப் பார்த்தால் உங்கள் கையில் 10,800. விற்கும் அலைச்சல் உங்களுடையது, ஆனால் எந்த ஏலத்தில் நிறுத்துவது என்ற முடிவும் உங்கள் கையில் இருக்கிறது. சற்றே கூடுதல் பலனும் உண்டு. "காராகக் கொடுத்தால்தான் தானம்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்றாவது, காரைக் காட்சிக்கு வைத்துப் பராமரிக்கும் கார் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது. அருங்காட்சியகத்தின் வேலையே கார்களைப் பாதுகாத்துக் காட்டுவது என்பதால் 60,000 முழுவதும் கழிவு, லாப வரி இல்லை. மிச்சம் 19,200.

நான்காவதாக ஒரு நிலை உண்டு. இன்று மசில் கார்கள் கைமாறுவது பெரும்பாலும் வாரிசு வழியில்தான் என்பதால் அதை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த காரின் அடக்க விலை, அவர்கள் வாங்கிய விலை அல்ல. அவர்கள் இறந்த நாளில் அதன் சந்தை விலை என்னவோ அதுதான். அப்பா 1972இல் 2,500 டாலருக்கு வாங்கியிருந்தாலும், அவர் காலமான அன்று அது 60,000 பெறுமானால் உங்கள் அடக்கம் 60,000. மேலே சொன்ன முடிச்சு தானே அவிழ்ந்துவிடுகிறது. ஆகவே துக்கத்துக்கு நடுவிலும் அந்த நாளைய மதிப்பை ஒரு தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து அதை நிறுவுவது பெரும்பாடு.

இந்தக் கழிவெல்லாம் யாருக்குப் பயன்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்கு மட்டும்தான். பட்டியல் இல்லாமலே எல்லோரும் எடுக்கக்கூடிய நிலையான கழிவு 2025ஆம் வருடத்துக்குத் தனிநபருக்கு 15,750 டாலர், சேர்ந்து கணக்குக் காட்டும் தம்பதிக்கு 31,500. உங்கள் பட்டியல் அதைத் தாண்டாவிட்டால் கார் தானத்தால் வரி குறையாது. 2026 முதல், பட்டியலிடுவோரும் தங்கள் வருமானத்தில் அரை சதவீதத்துக்கு மேற்பட்ட தானத்தைத்தான் கழிக்க முடியும். விலை ஏறிய பொருளைச் சந்தை விலைக்குக் கழிக்கும்போது ஒரு வருடத்தில் வருமானத்தின் 30 சதவீதம் வரைதான் எடுக்கலாம், மீதியை அடுத்த ஐந்து வருடங்களுக்குக் கொண்டுபோகலாம்.

காரைப் பயன்படுத்துகிற இடங்கள்

அருங்காட்சியகம் என்றதும் எல்லாக் காரையும் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். மிச்சிகனில் ஹிக்கரி கார்னர்ஸ் ஊரிலுள்ள கில்மோர், வாஷிங்டன் மாநிலம் டகோமாவிலுள்ள லெமே, லாஸ் ஏஞ்சல்ஸின் பீட்டர்சன் போன்ற இடங்களில் நிற்கும் கார்களின் வரிசையைப் பார்த்தாலே தெரியும், இடம் அளவானது. அவர்களிடம் இல்லாத காராகவோ, சொல்லத்தக்க வரலாறு உள்ள காராகவோ இருந்தால் வாய்ப்பு அதிகம். ஒரே உரிமையாளரிடம் ஐம்பது வருடம் இருந்து, முதல் பெயின்டோடு நிற்கும் கார், புதிதுபோல் மினுக்கிய காரைவிட அவர்களுக்கு விருப்பமாக இருக்கலாம்.

"காட்சிக்கு வைப்பீர்களா, பிற்பாடு விற்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். உங்கள் கழிவே அதில்தான் இருக்கிறது. 5,000 டாலருக்கு மேல் கழிவு எடுத்த பொருளை நிறுவனம் மூன்று வருடத்துக்குள் விற்றால், 8282 என்ற படிவத்தில் வரித்துறைக்குச் சொல்லியாக வேண்டும். அறப்பணிக்குப் பயன்பட்டதென்றோ, பயன்படுத்த எண்ணியிருந்தும் அது முடியாமல் போனதென்றோ அவர்கள் எழுதிக் கொடுக்காவிட்டால், அடக்க விலைக்கு மேல் நீங்கள் எடுத்த கழிவு உங்கள் வருமானத்தில் திரும்பச் சேர்ந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த வழி வேறு. கன்சாஸ் மாநிலத்தில் மெக்ஃபர்சன் என்ற சிற்றூரில் ஒரு கல்லூரி இருக்கிறது. பழைய கார்களைச் சீரமைக்கும் கலைக்கு அங்கே நான்கு வருடப் பட்டப் படிப்பு உண்டு. அந்தப் படிப்பே ஒரு தானத்தில் பிறந்ததுதான். 1976இல் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் தன் பழைய கார்த் தொகுப்பைக் கல்லூரிக்குக் கொடுத்தார், அதை வைத்துப் பாடம் தொடங்கினார்கள். அங்கே மாணவர்கள் தகரம் தட்டுவதையும், இருக்கை தைப்பதையும், கார்புரேட்டர் பிரிப்பதையும் கையால் கற்கிறார்கள். அவர்கள் வருடக்கணக்கில் உழைத்துச் சீரமைத்த 1953ஆம் வருட மெர்சிடிஸ் ஒன்று, 2023இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடந்த பழைய கார்ப் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் இடம் வாங்கியது. ஓடாத கார், கழற்றிப் போட்ட எஞ்சின், பெட்டி பெட்டியாக உதிரிப் பாகம் என்று அரைகுறையாக நிற்கும் திட்டம் உங்களிடம் இருந்தால், ஏலக்காரர் முகம் சுளிப்பார். இந்த மாதிரிப் பள்ளிக்கோ அதுவே பாடப் புத்தகம்.

மாணவர்கள் அதில் படித்தால் அது கல்விப் பணிக்கான பயன்பாடு. பொதுவாக, நிறுவனம் காரைத் தன் பணியில் கணிசமாகப் பயன்படுத்தினாலோ, அதன் மதிப்பு கணிசமாகக் கூடும்படி பெரிய பழுது பார்த்தாலோ, விற்ற விலை என்ற வரம்பு பொருந்தாது. வெறும் கழுவல், சிறு நசுங்கல் எடுத்தல், பெயின்ட் அடித்தல் எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

உங்களிடம் இருப்பது என்ன கார்?

யாரிடம் பேசினாலும் முதலில் இதைக் கேட்பார்கள். பதில் காரிலேயே இருக்கிறது. ஓட்டுநர் பக்கம், முன் கண்ணாடிக்கு அடியில் டாஷ்போர்டின் மேல், காரின் அடையாள எண் பொறித்த ஒரு சிறு உலோகத் தகடு தெரியும். இன்றைய கார்களைப் போல 17 எழுத்து அதில் இருக்காது, அந்த முறை 1981இல்தான் வந்தது. 1970ஆம் வருட ஜெனரல் மோட்டார்ஸ் காரில் 13 எழுத்துதான். அதைத் தாளில் குறித்துக்கொண்டு பானட்டைத் திறங்கள். ஷெவர்லேயின் பெரிய வி-8 எஞ்சினில், பயணி பக்கத்து சிலிண்டர் தலைக்கு முன்னால், ஒரு தீப்பெட்டி அகலத்துக்குச் சமமாகச் சீவிய இடம் இருக்கும். எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்திருக்கும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் வேண்டாம். அங்கே குத்தியிருக்கும் வரிசை எண், தகட்டிலுள்ள கடைசி எண்களோடு பொருந்தினால் அது காரோடு பிறந்த எஞ்சின். பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை.

அந்த எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 1968 வரை ஷெவெல் எஸ்.எஸ். காருக்குத் தகட்டு எண்ணிலேயே 138 என்ற தனித் தொடக்கம் இருந்தது. 1969இலிருந்து எஸ்.எஸ். ஒரு விருப்பத் தொகுப்பாகிவிட்டதால், எண்ணில் அது தெரியாது. ஷெவெலின் சாதாரண வகையான மாலிபுவில் எஸ்.எஸ். சின்னம் ஒட்டி விற்ற கார்கள் ஏராளம். உண்மையை நிறுவத் தொழிற்சாலைத் தாள் வேண்டும். தொழிற்சாலையின் தயாரிப்பு வரிசையில் கார் நகரும்போது எந்தப் பாகம் பூட்ட வேண்டும் என்று அச்சடித்து உடன் அனுப்பிய தாள் அது. பின் இருக்கையின் ஸ்பிரிங்குக்கு நடுவிலோ, பெட்ரோல் டாங்கின் தலைமேலோ செருகியிருக்கும். எலி கடித்து, பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து வரும். அதைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். பான்டியாக்குக்கும், 1967 முதலான ஃபோர்டுக்கும் நிறுவனப் பதிவேட்டிலிருந்து விவரம் எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். அங்கே பணம் கட்டி வாங்கலாம்.

கராஜ் அலமாரியிலுள்ள பழைய கார்புரேட்டர், காற்று வடிகட்டி மூடி, கழற்றி வைத்த இரும்புச் சக்கரம், ஜாக்கி எதையும் தனியாக விற்க வேண்டாம். எல்லாம் காரோடு போக வேண்டியவை. பல வருடம் நின்ற வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பிப் பார்க்கவும் வேண்டாம். டாங்கில் கெட்டுப்போன பெட்ரோல் பிசினாகியிருக்கும், சிலிண்டரில் துரு இருக்கலாம். ஒரு நிமிட ஆசையில் எஞ்சின் போய்விடும்.

நிறுவனத்தைச் சரிபார்ப்பது எளிது. வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால், அது வரிக்கழிவுக்குத் தகுதியான அமைப்பா என்று தெரிந்துவிடும். விற்ற பணத்தில் எத்தனை சதவீதம் உங்கள் பணிக்கு வரும் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்துக்குக் காரைக் கொடுக்காதீர்கள்.

காகிதத்தில் முக்கியமானது 1098-சி படிவம். கார் விற்றால் விற்ற நாளிலிருந்து 30 நாளில், பயன்படுத்தவே வைத்துக்கொண்டால் கொடுத்த நாளிலிருந்து 30 நாளில் தொண்டு நிறுவனம் அதைத் தர வேண்டும். அது இல்லாமல் 500 டாலருக்கு மேல் கழிக்க முடியாது. சந்தை விலையில் 5,000 டாலருக்கு மேல் கழிக்கும்போது தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் எழுத்து மதிப்பீடும் 8283 படிவமும் வேண்டும். தானம் செய்யும் நாளுக்கு 60 நாளுக்கு மேல் முந்திய மதிப்பீடு செல்லாது. மதிப்பிட்ட தொகையில் சதவீதமாகக் கட்டணம் கேட்பவரிடமும் போகாதீர்கள், அந்த மதிப்பீட்டைச் சட்டம் ஏற்காது. இவ்வளவு பெரிய தொகைக்கு வரி ஆலோசகர் ஒருவரைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள், கார் கிளம்பிய பிறகு பார்த்துப் பயனில்லை.

உரிமைப் பத்திரமான டைட்டிலைத் தொண்டு நிறுவனத்தின் பெயருக்கே எழுதிக் கொடுங்கள். பெயர் இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கார் யார் பெயருக்கும் மாறாமல் எங்காவது நின்றால், அபராதச் சீட்டு உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்பா பெயரில் இருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். வண்டி கைமாறியதும் மாநில மோட்டார் வாகன அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட்டு, பிறகு காப்பீட்டை நிறுத்துங்கள்.

ஏற்ற வருபவர் முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டியோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். முழுக் காரும் மேலே ஏறி நிற்கும் லாரிதான் வேண்டும். அது வருவதற்கு முந்தைய நாள் ஓர் உறையில் தொழிற்சாலைத் தாள், பழைய ரசீதுகள், அப்பா அந்தக் காரின் முன்னால் நின்று எடுத்த போட்டோவின் பிரதி, யார் எப்போது எங்கே வாங்கினார் என்று உங்கள் கையால் எழுதிய ஒரு பக்கம் எல்லாம் போட்டு வையுங்கள். அந்தக் காலத்துக் காருக்கு எஞ்சினுக்கு ஒரு சாவி, டிக்கிக்கு வேறு சாவி. இரண்டையும் தேடி எடுத்து அதே உறையில் போடுங்கள்.